மாதத்தின் மூன்றாம் பத்து

ஐயம் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. சந்தேகம் என்பது ஒன்று. இல்லை என்று வந்தவர்க்கு இடுவது மற்றொன்று. இவ்விரு பொருளையும் ஆண்டுதோறும் மாணாக்கருக்குச் சொல்லி வருகின்றேன். ஆயினும், முதற் பொருளின் போர்வையைப் போர்த்துக்கொண்டு இரண்டாம் பொருள் என் முன்னே வந்து அமர்ந்தபோது, அதனை யான் இனங்கண்டேனில்லை.

2023 ஆம் ஆண்டு யூலை மாதம் பத்தாந் திகதி. பாடசாலை விட்டபின் ஆசிரியர் ஓய்வறையிலே தனித்திருந்தேன். இளைய ஆசிரியர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். "ஐயா, வெண்பாவிலே ஓர் ஐயம்" என்றார். பண்டிதன் காதுக்கு இதனினும் இனிய சொல் வேறு ஏது? இருக்கச் சொன்னேன். தளையைப் பற்றி ஒரு வினாக் கேட்டார். அரை மணி நேரம் விடை சொன்னேன். "விளங்கிற்று ஐயா" என்றார், எழுந்தாரில்லை. யன்னலைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பின்பு எழுந்து போய்விட்டார். அவர் கேட்ட வினாவுக்கு விடை அவருக்கே நன்றாகத் தெரியும் என்பது, என் சைக்கிள் வீட்டுப் படலையை அடைந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்று என் சட்டைப்பையில் இருந்தது ஆயிரத்து நானூறு ரூபா. எங்களுக்குச் சம்பளம் இருபதாந் திகதி. இடையிலே பத்து நாள்.

சம்பளத்தாலே வாழ்பவர் அனைவரும் இந்தப் பத்து நாளை அறிவர். ஆனால் அதைப்பற்றி எவரும் எழுதுவதில்லை. வறுமையைப் பாடிய புலவர் பலர். மாதக் கடைசியைப் பாடினார் இலர். வறுமை பெரிய பொருள். இதுவோ சிறிய பொருள். சொன்னால் நகைப்புக்கு இடமாவது. படித்தவர், வெள்ளை வேட்டி, மாதந் தவறாத வருமானம். பத்தாந் திகதி கையில் ஒன்றும் இல்லை என்றால் யார் நம்புவர்? ஆதலின் மறைக்கின்றோம். மறைப்பதாலே ஒருவர் வழியை மற்றவர் அறியாது போகின்றோம். அந்த மறைப்பைச் சிறிது நீக்குதலே என் கருத்து.

இந்தப் பத்து நாளுக்கென்று நம்மவர் ஒரு சொல் வைத்திருக்கின்றனர்: கைமாற்று. வட்டி இல்லை, உறுதி இல்லை, சாட்சி இல்லை. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறி, மீண்டும் பழைய கைக்கு வருவது. இதற்குச் சங்ககாலப் பெயர் ஒன்றுண்டு. குறியெதிர்ப்பை என்பது அது. இன்ன அளவு என்று குறித்து வாங்கி, அதே அளவால் எதிர்கொடுப்பது. அடுத்த வீட்டிலே ஒரு சுண்டு அரிசி வாங்கி, நெல்லுக் குற்றியபின் அதே சுண்டால் அளந்து திருப்பிக் கொடுப்பாளே, அவள் செய்வது குறியெதிர்ப்பை. திருக்குறளின் ஈகை அதிகாரம் தொடங்கும்போதே இச்சொல் வருகின்றது. திரும்பி வரும் என்று எண்ணிக் கொடுப்பது ஈகையாகாது, அது குறியெதிர்ப்பையே என்று வள்ளுவர் அதனை ஒருபுறம் தள்ளிவைக்கின்றார். தள்ளியது ஈகைக்கு இலக்கணம் சொல்வதற்காக. கைமாற்றை இகழ்வதற்கு அன்று என்று கொள்வதே எனக்கு ஆறுதல்.

புறநானூற்றின் 163 ஆம் பாட்டிலும் இச்சொல் உண்டு. பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்று வீடு திரும்புகின்றார். மனைவியை நோக்கி, இன்னார் இன்னார்க்கெல்லாம் கொடு என்கின்றார். அந்தப் பட்டியலிலே, சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்து உதவியவரும் இருக்கின்றனர். அங்கே புலவர் 'நெடு' என்னும் அடையொன்றைக் கூட்டியிருக்கின்றார். எனக்கு அந்த அடை பெரிது. விரைவிலே திரும்ப வேண்டிய கைமாற்று, திரும்பாமல் நெடிதாய்க் கிடந்திருக்கின்றது! கொடுத்தவர் கேட்கவில்லைப் போலும். கேட்காதவர் முகத்தை ஒவ்வொரு நாளும் காண்பது எவ்வளவு பாரம் என்பது வாங்கியவர்க்கே தெரியும். செல்வம் வந்தவுடன் புலவர் அந்தப் பாரத்தை இறக்க விரைகின்றார். என்னைக் கேட்க வேண்டாம், வைத்து வாழ்வோம் என்று எண்ணவும் வேண்டாம், எல்லார்க்கும் கொடு என்பது அவர் ஆணை. அப்பெருமாட்டி என்ன செய்தாள் என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை. ஒரு பானை அரிசியையாவது ஒளித்து வைத்திருப்பாள் என்று யான் நம்புகின்றேன்.

புலவருக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவருக்கு வரவு எப்போது என்பது தெரியாது. நமக்குத் தெரியும். தெரிவது நன்மை அல்லவோ என்பீர்கள். அந்த நன்மையே நம்மைக் கெடுப்பது. இருபதாந் திகதி தப்பாது வரும் என்னும் உறுதியினாலேதான் கடைக்காரர் கொப்பியிலே எழுதுகின்றார். நண்பர் கைமாற்றுத் தருகின்றார். நாமும் துணிந்து கேட்கின்றோம். நாட்கூலிக்காரனுக்கு இவ்வளவு எளிதாக எவரும் கடன் கொடார். முன்னாளிலே கொழும்புக் கந்தோர்களில் வேலை பார்த்த எழுதுவினைஞர்க்கு அவ்கானியர் விரும்பி வட்டிக்குக் கொடுத்ததும் இதனாலேயே. சம்பள நாளன்று அவர் வாயிலில் நிற்பார். உறவினர் ஒருவர் அங்கே எழுதுவினைஞராய் இருந்தவர். சம்பள நாளிலே பின்வாயிலால் வெளியேறிய கதையைக் கிழவரான பின்பும் சிரித்துக்கொண்டு சொல்லுவார். மற்ற நாளெல்லாம் முன்வாயிலால் நடந்தவர், கையிலே பணம் வந்த நாளில் மட்டும் பின்வாயிலைத் தேடினார்.

வள்ளுவர் வரவு செலவைப் பற்றிச் சொன்ன இடம் எது? இல்வாழ்க்கை அதிகாரத்திலே தேடினால் அகப்படாது. பொருட்பாலிலே, 48 ஆம் அதிகாரமாகிய வலியறிதலில் இருக்கின்றது. அது அரசனுக்குச் சொன்னது. தன் வலி, மாற்றான் வலி என்றெல்லாம் சீர்தூக்கச் சொல்லிவந்தவர், அதிகாரத்தின் இறுதியிலே ஆகாறு, போகாறு என்னும் இரண்டு வழிகளைக் காட்டுகின்றார். வருகின்ற வழி சிறியதானாலும் கேடில்லை, போகின்ற வழி அகலாதிருந்தால் போதும் என்பது கருத்து. அதே அதிகாரத்திலேதான் மயிலிறகு ஏற்றிய வண்டியும் வருகின்றது. இறகு மெல்லியதுதான், அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும். கைத்தொலைபேசிக்குப் போடும் நூறு ரூபா, சந்திக் கடைத் தேநீர், பிள்ளை கேட்ட ஐஸ்கிறீம் ஆகிய இவையெல்லாம் மயிலிறகுகள் என்று மாணாக்கருக்கு விளக்கி, நல்லதொரு பொருள் கண்டேன் என்று யானே மகிழ்ந்ததுண்டு. என் வண்டியின் அச்சு முறிந்தது மட்டும் இறகினால் அன்று.

வலியறிதலை அடுத்து வள்ளுவர் வைத்தது காலமறிதல். ஓர் அதிகாரத்தை முடித்து அடுத்ததைத் திறக்க எனக்குப் பல ஆண்டு சென்றது. வழிகள் இரண்டும் ஒரே அகலமாய் இருந்தாலும், நீர் வரும் நாளும் போகும் நாளும் வேறுபட்டால் வயல் காயும். சம்பளம் ஒரு நாளில் வருகின்றது; செலவு முப்பது நாளும் போகின்றது. அளவு சரி, காலம் பிழை.

என் தந்தையார் கமக்காரர். புகையிலை நட்டார். காசு என்று கையில் வருவது ஆண்டுக்கு ஒருமுறை, புகையிலை விற்றபோது. ஆண்டுக்குப் பன்னிருமுறை சம்பளம் பெறும் யான் பத்தாந் திகதி தடுமாறுகின்றேன். ஒரேமுறை பெற்ற அவர் வீட்டிலே உலை வைக்க முடியாத நாள் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. பழங்காலம் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. அவருக்கும் கடன் இருந்தது. அக்காவின் கலியாணத்துக்காக ஒரு துண்டுக் காணியை ஒற்றி வைத்தார். அதை மீட்கச் சென்ற ஆண்டுகளை யான் அறிவேன். ஆனால் அவை பெரிய கடன்கள். பத்தாந் திகதிப் பஞ்சம் என்பது அந்த வீட்டுக்குத் தெரியாத ஒன்று.

காரணம் கொம்பறை. கொம்பறையிலே நெல் இருந்தது. அதன் மேலே பரணில் ஒடியல், பெட்டியிலே பினாட்டு, சாடியிலே புளி. வெங்காயம் பிடியாய்க் கட்டி அடுப்படி வளையிலே தொங்கும். வரவு வந்த நாளிலேயே அது பொருளாய் மாறி, அதனதன் இடத்திலே போய் இருந்துவிடும். தாயார் ஒவ்வொரு நாளும் உலைக்கு அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி வேறு பானையிலே இடுவார். அந்தப் பிடியரிசி கோயிலுக்கும் போகும்; மழைக்காலத்திலே எங்கள் வயிற்றுக்கும் போகும். கொம்பறையைத் தட்டிப் பார்த்தால் எவ்வளவு இருக்கின்றது என்பது ஓசையிலே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரிந்தது கைக்கு அடங்கிற்று.

பணத்துக்கு ஓசை இல்லை. முன்பு கடித உறையிலே போட்டுக் கையிலே தந்தார்கள், பருமனாவது தெரிந்தது. இப்போது வங்கிக்குப் போகின்றது. இயந்திரத்தின் முன் நின்று இலக்கத்தை அமுக்கினால் வேறொர் இலக்கம் தோன்றுகின்றது. இருபதாந் திகதி அந்த இலக்கத்தைப் பார்க்கும்போது ஒருவகை மயக்கம் வரும். அது முப்பது நாளுக்கும் உரியது என்பது கண்ணுக்குத் தோன்றாது. நம் ஊர்க் கிணற்றிலே இறைப்பவனுக்கு அந்த மயக்கம் இல்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் கீழே நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழே கிடக்கும் உவர் மேலே வந்துவிடும். எப்போது நிறுத்துவது என்பதை அவன் நாக்கே சொல்லிவிடும். நமக்கு உவர் தட்டுவது பத்தாந் திகதி, அதற்குள் இறைத்தாகிவிட்டது.

இனி, என்னுடைய முறிந்த அச்சின் கதை.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டார். ஏப்பிரல் 12 ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. செப்தெம்பர் மாதத்திலே தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 73.7. முந்திய ஆண்டு ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய பை, அந்த மாதம் ஆயிரத்து எழுநூற்று முப்பத்தேழு. சம்பளம் அந்த வேகத்திலே ஏறவில்லை. அப்போது எல்லாருக்கும் தட்டுப்பாடு. ஆதலின் எவருக்கும் வெட்கம் இல்லை. வீட்டுக்காரியின் காப்பு வங்கியிலே அடைவு போனதும் அப்போதுதான். ஆனால் 2023 நடுவிலே விலையேற்றத்தின் வேகம் தணிந்த பின்பும் எங்கள் வீட்டிலே பத்தாந் திகதி பத்தாந் திகதியாகவே இருந்தது. வெற்றிலையை நிறுத்தினேன். தேநீரைக் குறைத்தேன். பத்தாந் திகதி ஒன்பதாந் திகதியாயிற்றே அன்றிப் பதினொன்றாகவில்லை.

வெண்பா ஐயத்தோடு வந்தவர் திரும்பிப் போன அன்றிரவு, வீட்டிலே அதைச் சொன்னேன். வீட்டுக்காரி பழைய கொப்பிகளை எடுத்து வந்தாள். அவள் இலக்கணம் படித்தவள் அல்லள். 2015 முதல் ஒவ்வொரு நாட்செலவையும் எழுதி வருபவள். விளக்கின் கீழ் நெடுநேரம் புரட்டினாள். பிறகு சொன்னாள்: "இஞ்சேருங்கோ, இது இந்த மாதத்துக் குறை இல்லை. மாமியின்ரை அந்தியேட்டியிலை விழுந்த கிடங்கு. நாங்கள் அதை மாதாமாதம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டு வாறம்."

என் தாயார் இறந்தது 2019 இல். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வீட்டுக்கிருத்தியத்துக்கும் கையிலிருந்ததற்கு மேலே முப்பதினாயிரம் செலவாயிற்று. அடுத்த சம்பளத்திலே கொடுத்துத் தீர்த்துவிட்டேன் என்றே நான்கு ஆண்டும் எண்ணியிருந்தேன். தீர்க்கவில்லை. ஒருவரிடம் வாங்கியதை மற்றொருவரிடம் வாங்கிக் கொடுத்தேன். கடைக் கொப்பியிலே ஏற்றிச் சங்கக்கடையிலே தீர்த்தேன். கடன்காரர் மாறினரே அன்றிக் கடன் மாறவில்லை.

இதனை ஒரு கணக்காகச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒருவருக்கு மாதம் 60,000 ரூபா சம்பளம் என்று கொள்க. நாளொன்றுக்கு 2,000 செலவிடுகின்றார். முப்பது நாளுக்குச் சரி. ஒரு சதமும் மிகை இல்லை, குறை இல்லை. ஒரு மாதம் மட்டும் ஒரு கலியாணத்துக்காக 10,000 கூடச் செலவாகின்றது. கைமாற்று வாங்குகின்றார். சம்பள நாளன்று நாணயமாகத் திருப்பிக் கொடுக்கின்றார். கையில் மீதி 50,000. அஃது இருபத்தைந்து நாளுக்கே காணும். கடைசி ஐந்து நாளுக்கு மீண்டும் 10,000 கைமாற்று. அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும் அப்படியே. அவர் செலவைச் சிறிதும் கூட்டவில்லை. ஆனால் ஆயுள் முழுவதும் மாதக் கடைசியிலே கடன் கேட்பவராகி விடுகின்றார்! ஊரார் அவரை ஊதாரி என்பர். மாதந்தோறும் கேட்கின்றாரே! உண்மையிலே அவர் வரம்பு மீறியது ஒரே ஒருமுறை.

அதையே மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால், மாதம் 300 ரூபா. மூன்று ஆண்டிலே 10,800. முதலை விடக் கூடுதல். முதலோ அப்படியே நிற்கும். மீற்றர் வட்டி என்று இப்போது ஒன்று வழங்குகின்றது. பத்து நாளைக்கு நூற்றுக்குப் பத்து என்று கேட்பவரிடம் போனால், ஆண்டுக்கு நூற்றுக்கு 365 ஆகும். கேட்பவர் பத்து நாளைத்தான் நினைக்கின்றார். கொடுப்பவர் ஆண்டை நினைக்கின்றார்.

இந்த நாட்டிலே இதே கிடங்கு ஒரு பெருங்கூட்டத்தை விழுங்கியிருந்தது. தமிழகத்திலிருந்து மலையகத்துக்கு வந்த தோட்டத் தொழிலாளர் வழிச்செலவுக்கென வாங்கிய முற்பணத்தோடுதான் தோட்டத்துக்குள்ளே காலடி வைத்தனர். முதற்சம்பளம் காணுமுன்னரே கடன். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போவதென்றால், அந்தக் கடனைக் குறித்த துண்டு கூடப் போகும். அதைத் தீர்த்தவரே அவரை வேலைக்கு எடுக்கலாம். துண்டு முறை 1920 களின் தொடக்கத்திலே ஒழிக்கப்பட்டது. ஆளை விட்டு நீங்காமல் அவன் பின்னே நடந்து செல்லும் கடன் எத்தகையது என்பதற்கு அந்தத் துண்டுக்கு மேல் வேறு சான்று வேண்டியதில்லை. அங்கே கங்காணியும் துரையும் எழுதினர். நமக்கு நாமே எழுதிக்கொள்கின்றோம்.

வரவே போதாதவர்க்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. 2021 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி சொல்வதற்கே எத்தனை போராட்டம் வேண்டியிருந்தது! அந்த ஆயிரத்திலே நான்கு வயிறு வளர்ப்பவரிடம் போய் மூன்று பொட்டலமாகப் பிரித்து வை என்று சொல்வது அறமன்று. ஆகாறு வற்றிய இடத்திலே மடை திறப்பதைப் பற்றிப் பேசலாகாது. யான் பேசுவது, சம்பளம் ஏறத்தாழப் போதும் என்னும் நிலையில் இருந்துகொண்டு மாதந்தோறும் தடுக்கி விழும் எம்மனோர்க்கு.

கிடங்கு இன்னது என்று தெரிந்தபின் அதனை நிரப்புதல் கடினமாக இருக்கவில்லை. நீண்டதாக இருந்தது, அவ்வளவே. 2023 ஓகஸ்ட் 20 ஆந் திகதி தொடங்கி மாதம் ஆயிரம் ரூபா. நாளுக்கு முப்பத்து மூன்று ரூபா; ஒரு மயிலிறகு. பதினெட்டு மாதத்திலே பதினெண்ணாயிரம். விடைத்தாள் திருத்திய கொடுப்பனவு, மறந்தபின் வருவது என்ற அதன் வழக்கப்படியே வந்தபோது, அதிலே பன்னீராயிரம். 2025 சனவரி இருபதாந் திகதி கிடங்கு நிரம்பியது. ஒருவருக்கும் யான் கொடுக்க வேண்டியது இல்லாத சம்பளம் ஐந்தரை ஆண்டுக்குப் பின் அன்றுதான் என் கைக்கு வந்தது. சம்பளம் முழுவதையும் முதன்முதலாகப் பெற்றது போன்ற கூச்சம் எனக்கு.

நிரப்பிய காலத்திலே வீட்டுக்காரி கைக்கொண்ட முறை ஒன்றையும் சொல்ல வேண்டும். மாதத்தை நான்கு கிழமையாகப் பிரிப்பது பலர் வழக்கம். அதிலே ஒரு பொறி உண்டு. நான்கு கிழமை இருபத்தெட்டு நாள். மிஞ்சும் இரண்டு மூன்று நாளை எவரும் கணக்கில் எடுப்பதில்லை, தடுக்குவது அங்கேதான். அவள் பத்துப் பத்தாகப் பிரித்தாள். எட்டுத்தொகையிலே பதிற்றுப்பத்து என்று ஒரு நூல் உண்டு என்று சொன்னேன். "எனக்கு மூண்டு பத்துப் போதும்" என்றாள். இருபதாந் திகதி காலை, வங்கியால் வந்தவுடன், முதலில் மின்சாரம், எரிவாயு, பிள்ளையின் வான் கூலி, மாதத்து அரிசி. இவை போக மீதியை மூன்று பால்மாப் பேணிகளிலே இடுவாள். முதற் பத்து இருபதிலிருந்து. இரண்டாம் பத்து முப்பதிலிருந்து. மூன்றாம் பத்து அடுத்த மாதம் பத்திலிருந்து. மூன்றாம் பேணியின் மூடி பத்தாந் திகதிக்கு முன் திறக்கப்படாது. முப்பத்தொரு நாள் வரும் மாதத்திலே இரண்டாம் பேணிக்குச் சிறிது கூடுதல். பெப்புருவரி இருபது தொடங்கி மார்ச் பத்தொன்பது வரை பெரும்பாலும் இருபத்தெட்டே நாள். கொடுத்து வைத்த மாதம்.

இது கொம்பறைதான். வரவு வந்த நாளிலேயே அதனதன் இடத்திலே போய் இருந்துவிடுகின்றது. பேணியை ஆட்டினால் ஓசையும் கேட்கின்றது.

எதிர்பாராச் செலவு என்று ஒன்று சொல்வார்கள். அவள் கொப்பியிலே அந்தத் தலைப்பின் கீழ் ஓர் ஆண்டில் எழுதியவற்றை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு. தவணைத் தொடக்கத்துக் கொப்பி, சப்பாத்து, பொங்கற் புடைவை, நல்லூர்த் திருவிழா நாளிலே வரும் விருந்தினர், ஆவணியிலே இரண்டு கலியாண மொய், மார்கழி மழைக்கு முன் கூரைத் திருத்தம், இவ்வாறு ஒன்பது. காய்ச்சல், சைக்கிள் திருட்டு, உறவினர் மரணம் என மூன்றே உண்மையில் எதிர்பாராதவை. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, ஆவணியிலும் தையிலும் உண்டு என்பதைப் பஞ்சாங்கம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றது. பஞ்சாங்கத்தை நாளுக்கும் நட்சத்திரத்துக்கும் புரட்டுகின்றோம். பணத்துக்காகப் புரட்டியவரைக் கண்டதில்லை.

பண்டிகை முற்பணம், சீட்டு என்பன பற்றியும் கேட்பீர்கள். முற்பணம் நம்முடைய வருங்காலச் சம்பளமே. தவணை தவணையாகக் கழிக்கப்படும்போது அது தெரியவரும். தீபாவளிக்கு எடுத்து அடுத்த தீபாவளி வரும் வரை கழிபடுவோர் உளர். சீட்டு நல்லதே, பிடிப்பவர் நல்லவராயின். பத்துப்பேர் ஐயாயிரம் ஐயாயிரமாகக் கட்டினால் மாதம் ஒருவருக்கு ஐம்பதினாயிரம். பிந்தி எடுப்பவருக்கு அது சேமிப்பு. முந்தி எடுப்பவருக்குக் கடன். எங்கள் ஆசிரியர் குழாத்திலே எல்லாரும் முதலாம் சீட்டையே கேட்கின்றனர் என்பதிலிருந்து எங்கள் நிலை விளங்கும்.

இனி, வெண்பா ஐயத்தோடு வந்த அந்த இளைஞர். அடுத்த ஆண்டு ஒரு கலியாணப் பந்தலிலே, என் பக்கத்திலே இருந்து உண்டபோது, சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று வேண்டியிருந்தது ஐயாயிரம் ரூபா. குழந்தைக்குக் காய்ச்சல். "ஐயாவின்ரை முகத்தைப் பார்த்தன். ஐயாவிட்டையும் இல்லை எண்டு விளங்கிச்சுது. எழும்பி வந்திட்டன்." அன்று மாலையே மனைவியின் சங்கிலியை ஓரிடத்திலே அடைவு வைத்தார். ஐயாயிரம் போதும் என்று போனவருக்கு, கூடத் தரலாம் என்று அங்கே கூறினராம். ஐம்பதினாயிரம் எடுத்தார். வட்டி ஏறிற்று. தவணை தப்பிற்று. சங்கிலி ஏலத்திலே போய்விட்டது. ஒன்றரைப் பவுண், பெண்ணின் தாய் கொடுத்தது.

யான் உண்பதை நிறுத்தினேன். அவர் பாயாசம் கேட்டு வாங்கினார்.

எங்கள் இருவரிடமும் இல்லாதிருந்தது ஐயாயிரம் ரூபா. ஆனால் அன்று அந்தக் கல்லூரியிலே நாற்பது ஆசிரியர் இருந்தோம். தலைக்கு நூற்றிருபத்தைந்து. எவரும் எவரிடமும் வாய் திறக்கவில்லை.

கிடங்கு நிரம்பிய பின், 2025 பெப்புருவரியிலே, ஐவர் சேர்ந்து ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு ஒரு தகரப் பெட்டியை ஓய்வறை அலுமாரியிலே வைத்தோம். பூட்டு இல்லை. எவரும் எடுக்கலாம், எவரையும் கேட்க வேண்டியதில்லை, காரணம் எழுத வேண்டியதில்லை. எடுத்த தொகையைக் கொப்பியிலே குறித்து, இருபதாந் திகதி அதே தொகையை வைத்துவிட வேண்டும். கொப்பியின் மேலட்டையிலே 'குறியெதிர்ப்பை' என்று என் கையால் எழுதினேன். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் அதனை ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்தாராம். இப்போது பதினோர் ஆசிரியர் சேர்ந்திருக்கின்றனர். ஒருமுறை எண்ணூறு ரூபா குறைந்தது. மறு மாதம் எண்ணூறு கூடியிருந்தது. எவர் என்று விசாரிக்கவில்லை. கொப்பியின் பொறுப்பு அந்த இளைஞரிடம் இருக்கின்றது. அவரே கேட்டுப் பெற்றது.

சென்ற மாதம் பத்தாந் திகதி, பாடசாலை விட்டபின், அவர் மீண்டும் ஓய்வறை வாயிலிலே வந்து நின்றார். "ஐயா, வெண்பாவிலே ஓர் ஐயம்" என்றார். யான் எழுந்து அலுமாரிப் பக்கம் திரும்பினேன். "இல்லை ஐயா, இது மெய்யாகவே வெண்பாதான்" என்று கையிலிருந்த தாளை நீட்டினார். அவர் எழுதிய பாட்டு. மூன்றாம் அடியிலே தளை தட்டியிருந்தது.